பெயருக்கு விட்ட இடம்

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே! இது நம் ஊர்க் கதை இல்லை. ஏழு கடல் தாண்டி, குளிர் எலும்புக்குள் இறங்கும் ஒரு தேசத்தில், முன்னொரு காலத்தில் நடந்த கதை. எவ்வளவு முன்னே என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குச் சொன்னவருக்கே அது தெரியாது.

அந்தத் தேசத்தில் ஒரு மலை. மலைமேல் ஒரு மடம். மடத்தில் அறுபது துறவிகள். பெண்டாட்டி பிள்ளை கிடையாது, நிலம் நீச்சு கிடையாது. காலையில் பாட்டு, நடுப்பகலில் பாட்டு, பொழுது சாய்ந்தால் பாட்டு. அவர்களுக்கு வேலை அதுதான். மற்ற வேலைகளுக்கு ஆட்கள் தனி; பாடும்போது அவர்கள் பின்வரிசையில் நின்று கேட்பார்கள்.

பாட்டிலெல்லாம் பெரிய பாட்டு மரித்தோர் பாட்டு. மடத்தில் யார் செத்தாலும், மடாதிபதியே ஆனாலும் சரி, தண்ணீர் சுமக்கிறவரானாலும் சரி, உடலைக் கோவில் நடுவே வைத்துச் சுற்றி நின்று பாடுவார்கள். அந்தப் பாட்டு ஒரு தோல் ஏட்டில் இருந்தது. கன்றுத் தோலைப் பதப்படுத்திச் செய்த ஏடு. அடேயப்பா, ஒரு ஆளால் தூக்க முடியாது! அறுபது பேரும் அதன்முன் நெருக்கியடித்து நின்று, அந்த ஒரே ஏட்டைப் பார்த்துத்தான் பாடுவார்கள்.

பாட்டின் நடுவில் ஒரு வரி வரும். "ஆண்டவரே, உம் ஊழியன் இன்னான் உமது வாசலில் நிற்கிறான், கதவைத் திறந்தருளும்" என்று வரும். அந்த "இன்னான்" இருக்க வேண்டிய இடத்தில் ஏட்டில் எழுத்தே இருக்காது. ஒரு சாண் வெறும் தோல். அதற்கு மேலே மட்டும் ராகம் போகும் வழியைக் காட்டும் சின்னச் சின்னக் குறிகள், கோழி நடந்த தடம் மாதிரி. செத்தவர் பெயரை அந்த இடத்தில் வைத்துப் பாட வேண்டும். முதலில் பாட்டுத் தலைவர் தனியாகப் பாடுவார். பிறகு எல்லோரும் சேர்ந்து இரண்டு முறை பாடுவார்கள். ஆக மூன்று முறை. ராகம் அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும், அங்கே சற்று நிற்கும், பிறகு மெல்ல இறங்கும். முழுப் பாட்டுக்கும் அதுதான் உச்சம். கேட்டவர் கண்ணைத் துடைக்காமல் போனதில்லை.

மடத்தில் பாட்டுக்கென்று மூன்று கட்டளைகள் இருந்தன. ஏட்டில் இருப்பதைப் பாடு. ஏட்டில் இல்லாததைப் பாடாதே. ஏட்டில் கை வைக்காதே. காரணம் இல்லாமல் இல்லை. ஆதியில் அவரவர் இஷ்டத்துக்கு இழுத்து இழுத்துப் பாடியதில், ஒருமுறை பகல் கஞ்சி ஆறி, மாலைக் கஞ்சியும் ஆறி, குழி தோண்டினவன் குழியிலேயே படுத்துத் தூங்கிவிட்டானாம்! அதன் பிறகு வந்த கட்டளைகள் இவை.

இனி ஆட்களைச் சொல்கிறேன். மூன்று பேர்தான், கணக்காக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் ஆள் கஸ்பார். பாட்டுத் தலைவர் அவர், ஏடு எழுதுகிறவரும் அவரே. பழைய ஏடு ஈரத்தில் நைந்துபோனபோது, மூன்று வருஷம் குனிந்த தலை நிமிராமல் புது ஏடு எழுதி முடித்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தேசத்திலேயே அப்படி ஒரு கையெழுத்து கிடையாது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் வினை. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சாபம் எழுதி வைத்தார்: "இந்த ஏட்டில் ஒரு எழுத்தைச் சுரண்டுகிறவன் எவனோ, அவன் சாகும்போது இந்த ஏட்டை யாரும் அவனுக்காகத் திறக்க வேண்டாம்." மற்றவர்கள் அதைப் படித்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

இரண்டாவது ஆள் ஓடோ. தோல் பதப்படுத்துகிறவர். ஆற்றங்கரையில் ஒரு குடிசை. கன்றுத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப் போடுவார், சட்டத்தில் இழுத்துக் கட்டுவார், பிறை மாதிரி வளைந்த கத்தியால் மயிரையும் சதையையும் வழித்து எடுப்பார். கஸ்பார் எழுதிய ஏட்டின் ஒவ்வொரு இலையும் ஓடோவின் கையிலிருந்து வந்தது. சுண்ணாம்பு தின்ற விரல்கள், நகமே இல்லை. உடம்பில் ஒரு வாடை. சாப்பாட்டுக் கூடத்தில் அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பச்சைக் குழந்தையாக மடத்து வாசலில் கிடந்தவர். வாசல்காரர் புரூனோதான் எடுத்து வளர்த்து ஓடோ என்று பெயர் வைத்தார். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவரும் புரூனோ ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் அவர் "ஏய், தோல்காரா!"

மூன்றாவது ஆள் மடாதிபதி ரெமிஜியு. நல்ல மனுஷர். பயந்த மனுஷர். மடத்துக் கூரை ஒழுகுகிறதே என்ற ஒரு கவலையிலேயே பாதி தலைமுடியை இழந்தவர்.

இப்படி இருக்கையில், அந்தத் தேசத்து ராஜா எபரார்டு ஒருநாள் மடத்துக்கு வந்தார். ராஜாவை நான் கணக்கில் சேர்க்கவில்லையே என்று கேட்கிறீர்களா? அவரைச் சேர்க்க வேண்டியதில்லை, தானாகவே வந்து சேர்ந்துகொள்வார். அப்படிப்பட்ட ஆள்.

புது ஏட்டைக் காட்டினார்கள். ராஜா புரட்டினார். அசந்துபோனார். மரித்தோர் பாட்டு வந்ததும் விரலை வைத்தார்.

"இங்கே ஏன் ஒன்றும் எழுதவில்லை? மை தீர்ந்துவிட்டதா?"

"செத்தவர் பெயருக்காக விட்ட இடம், மகாராஜா" என்றார் கஸ்பார்.

"எந்தச் செத்தவர்?"

"யார் செத்தாலும் அவர்."

"அப்படியானால் இது யாருக்கும் சொந்தமில்லாத இடம். யாருக்கும் சொந்தமில்லாத இடம் ராஜாவுக்குச் சொந்தம். என் பெயரை எழுதுங்கள், தங்கத்தில் எழுதுங்கள். இந்த மடம் இருக்கும்வரை என் பெயரைப் பாடிக்கொண்டே இருக்கட்டும். உங்கள் கூரைக்கு மரம் நான் தருகிறேன்."

மடாதிபதி அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஒரு சொட்டு அவர் மூக்கின்மேல் விழுந்தது. தலையை ஆட்டிவிட்டார்.

கஸ்பார் மறுத்திருக்க வேண்டும். எழுதினவர் அவர்தானே, அந்த வெற்றிடம் எதற்கென்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அவர் மனசு தங்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இலைபோல் மெல்லிய தங்கத் தகட்டை இதுவரை அவர் கையால் தொட்டதில்லை. பிசின் தடவி, தங்கம் ஒட்டி, பளபளவென்று தேய்த்து, "எபரார்டு" என்று எழுதினார். தள்ளி நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

பனி உருகும் காலத்தில் வாசல்காரர் புரூனோ செத்துப்போனார்.

உடலை நடுவே வைத்தார்கள். பாடினார்கள். அந்த வரி வந்தது. கஸ்பார் ஏட்டைப் பார்த்தார். ஏட்டில் தங்கத்தில் என்ன இருக்கிறது? எபரார்டு. கட்டளை என்ன? ஏட்டில் இருப்பதைப் பாடு. பாடினார். பின்னால் அறுபது பேரும் பாடினார்கள். "உம் ஊழியன் எபரார்டு உமது வாசலில் நிற்கிறான், கதவைத் திறந்தருளும்." நாற்பது வருஷம் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்ட புரூனோ அங்கே கிடக்கிறார். எபரார்டோ அரண்மனையில் வறுத்த மான் தின்றுகொண்டிருக்கிறார்!

நீங்கள் சிரிக்கிறீர்கள். அங்கே யாரும் சிரிக்கவில்லை. அன்று கஞ்சி குடிக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் யாரோ, "ஆண்டவருக்குத் தெரியாதா, யார் செத்தார் என்று?" என்றார். ஆமாம், ஆமாம் என்றார்கள் எல்லோரும். கஸ்பாரும் ஆமாம் என்றார்.

அறுவடைக் காலத்தில் தோட்டக்காரர் இவோ செத்துப்போனார். மறுபடியும் அதே பாட்டு, அதே தங்கம், அதே எபரார்டு. இந்த முறை யாரும் ஒன்றும் பேசக்கூட இல்லை. பழகிவிட்டது. எதுவும் இரண்டாம் முறை எவ்வளவு சுலபமாகிவிடுகிறது, பாருங்கள்.

முதல் உறைபனி விழுந்தபோது ஓடோ படுத்துவிட்டார். ஆற்றுத் தண்ணீரிலேயே நின்று நின்று நெஞ்சில் சளி கட்டியிருந்தது. கஸ்பார் குடிசைக்குப் போனார். பரிவில் போனார் என்று நினைக்காதீர்கள். அடுத்த ஏட்டுக்கு எத்தனை தோல் தயார் என்று கேட்கப் போனார்.

"பதினாலு இருக்கிறது, ஐயா" என்றார் ஓடோ. மூச்சு வாங்கியது. "ஐயா, ஒன்று கேட்கலாமா? எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால் கேட்கிறேன். வாசல்காரரை புரூனோ என்றுதான் கூப்பிட்டோம். தோட்டக்காரரை இவோ என்றுதான் கூப்பிட்டோம். பாடும்போது இரண்டு பேருக்கும் எபரார்டு என்று பாடினீர்கள். அதுதான் அவர்களுடைய உண்மையான பெயரா?"



"இல்லை" என்றார் கஸ்பார். "அது ராஜாவின் பெயர். நான்தான் ஏட்டில் எழுதினேன்."

"அப்படியானால் எனக்கும் அதையே பாடுவீர்களா?"

 ஓடோ தன் நகமில்லாத விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"ஆண்டவருக்குத் தெரியும், ஓடோ" என்றார் கஸ்பார்.

"அவருக்குத் தெரியும், ஐயா. அவர் மறக்க மாட்டார். நான் மனுஷர்களைப் பற்றித்தான் கேட்கிறேன். பின்வரிசையில் நின்று எத்தனையோ பேருக்கு அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன். பெயர் மேலே ஏறி நிற்கும் பாருங்கள், அப்போது நினைத்துக்கொள்வேன், என்னையும் ஒருநாள் இப்படிக் கூப்பிடுவார்கள் என்று. ஆற்றங்கரையில் தனியாக என் பெயரை வைத்துப் பாடிப் பார்த்திருக்கிறேன். சின்னப் பெயர்தான், ஆனால் ராகத்தில் உட்காருகிறது. ஒரே ஒரு தடவை, ஐயா. இவனுக்கும் ஒரு பெயர் இருந்தது என்று நாலு பேருக்குத் தெரியட்டும். வேறு ஒன்றும் வேண்டாம்."

கஸ்பார் மலை ஏறினார். பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதார். இருபது வருஷமாக ஓடோவிடம் தோல் வாங்குகிறார். அன்றுதான் முதல் முறையாக அந்தப் பெயரை வாயால் சொல்லியிருக்கிறார். அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

நேராக மடாதிபதியிடம் போனார். "சுவாமி, அந்தப் பெயரை எடுத்துவிடுகிறேன்."

மடாதிபதி பதறிப்போனார். "கட்டளை என்ன? ஏட்டில் கை வைக்காதே. ராஜா என்ன சொல்வார்? கூரைக்கு மரம் வருகிற வாரம் இது! அதுவும் போகட்டும், உன் சாபம்?"

"சாபம் எழுதினவன் நான்தானே, சுவாமி?"

"எழுதினவனைத் தவிர என்று எழுதினாயா?"

 இல்லையே, அப்படி எழுதவில்லையே! எவ்வளவு யோசித்து யோசித்து, தப்ப ஒரு இண்டு இடுக்கு விடாமல் எழுதினார் அந்தச் சாபத்தை!

மூன்றாம் நாள் நடுப்பகலில் ஓடோ செத்துப்போனார்.

மறுநாள் காலை, வெயில் ஏறும் நேரம், கஸ்பார் ஆற்றங்கரைக்குப் போய் ஓடோவின் பிறைக் கத்தியை எடுத்து வந்தார். ஆளில்லாத கோவிலில் ஏட்டைத் திறந்தார்.  சுரண்டினால் தன் பிணத்துக்குப் பாட்டு இல்லை. நாற்பது வருஷம் பிறருக்குப் பாடிய வாய், அதற்கு ஒரு வரி இல்லை. அது அற்பமா? அவருக்கு இருந்த ஒரே ஆஸ்தி அந்தப் பாட்டுதான்.  ஒருமுறை ஏட்டை மூடினார். மறுபடியும் திறந்தார்.

பிறகு சுரண்டினார். தங்கம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தோல் கிழிந்துவிடுமோ என்று பயந்தார். கிழியவில்லை. ஓடோவின் கைவேலை, லேசில் கிழியுமா!

அன்று நடுப்பகலில் ஓடோவைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்? வாசலில் கொம்பு ஊதியது. எபரார்டு ராஜா மர வண்டிகளோடு வந்து இறங்கினார். தன் பெயரைப் பாடும் நாள் என்று கேள்விப்பட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்து நின்றார். மடாதிபதிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பாட்டு ஆரம்பித்தது. அந்த வரி வந்தது. அறுபது பேரும் ஏட்டைப் பார்த்தார்கள். தங்கம் இல்லை. சொரசொரவென்று ஒரு சாண் வெறும் தோல். கஸ்பார் மூச்சை இழுத்துக்கொண்டு பாடினார்.

"உம் ஊழியன் ஓடோ..."

பெயர் ஏறியது. மேலே நின்றது. இறங்கியது. பின்வரிசையில் சமையற்காரரும் பன்றி மேய்ப்பவரும் துணி வெளுப்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தோல்காரர் பெயர் ஓடோவா? அறுபது பேரும் சேர்ந்து பாடினார்கள், ஓடோ, ஓடோ. பாட்டு முடிந்தது. முடியும்வரை ராஜா எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"என் பெயர் எங்கே?" என்று கத்தினார். "யார் எடுத்தது?"

"நான்தான், மகாராஜா" என்றார் கஸ்பார்.

"இந்த நாற்றம் பிடித்தவனுக்காகவா? எழுது! இப்போதே திரும்ப எழுது!"

"எழுதுகிறேன், மகாராஜா. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வரியைப் பிணத்தை வைத்துக்கொண்டுதான் பாடுவோம். பனி உருகும்போது ஒருமுறை தங்கள் பெயரைச் சொல்லிப் பாடி அடக்கம் செய்தோம். அறுவடையில் இன்னொரு முறை செய்தோம். இரண்டு முறையும் தாங்கள் வாசலில் வந்து நிற்பதாக ஆண்டவரிடம் சொல்லியாயிற்று. மூன்றாவது முறையும் சொல்ல வேண்டுமா?"

ராஜாவின் முகம் சுண்ணாம்பு பூசினதுபோல் ஆனது. கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். துடித்தது.

"இரண்டு முறையா?"

"இரண்டு முறை, மகாராஜா. ஒவ்வொரு முறையும் மூன்று தடவை."

"வேண்டாம்! இடம் அப்படியே இருக்கட்டும். ஒன்றும் அவசரம் இல்லை!" என்று சொல்லிக்கொண்டே ராஜா படி இறங்கினார். மரத்தை இறக்கிப் போட்டுவிட்டுப் போனார், அந்த மட்டும் நல்லது.

மடாதிபதி கடைசிப் பக்கத்தைத் திறந்து கஸ்பாரைப் பார்த்தார். "அந்தச் சாபத்தையும் சுரண்டிவிடலாமா?" என்றார் மெதுவாக.

"அதைச் சுரண்டுகிறவரையும் அது பிடிக்கும், சுவாமி. நானே சுரண்டித் தப்புவதும் நியாயமில்லை. என்னோடு போகட்டும்."

அதற்கப்புறம் கஸ்பார் பதினொரு வருஷம் இருந்தார். எழுதினார், பாடினார். ஒரே ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்தது. சமையற்கட்டுக்குப் போவார், "உன் பெயர் என்ன?" என்பார். பன்றிப் பட்டிக்குப் போவார், "உன் பெயர் என்ன?" என்பார். துணித் துறைக்குப் போவார், "உன் பெயர் என்ன?" என்பார். பிறகு அவர்களை அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார். அவர்களுக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு அவர் வந்து கூப்பிடுவதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் கஸ்பாரும் செத்துப்போனார். உடலை நடுவே வைத்தார்கள். எல்லோரும் வந்து நின்றார்கள். ஏடு மூடியே இருந்தது. கிழவராகிவிட்ட மடாதிபதி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதார். ஆனாலும் திறக்கவில்லை. கட்டளை கட்டளைதானே. எழுதியது எழுதியதுதானே. ஒரு வரி இல்லாமல் பாடையைத் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பாடை அசைந்ததும் பின்வரிசையில் யாரோ கரகரத்த குரலில் ஆரம்பித்தார். சமையற்காரர். அடுத்தது பன்றி மேய்ப்பவர். அடுத்தது துணி வெளுப்பவர். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏட்டின் சாபமும் தெரியாது, பாட்டின் கட்டளையும் தெரியாது. காதால் கேட்டுக் கேட்டு வந்த பாட்டு. சுருதி சேரவில்லை, சொல் பாதி தப்பு. ஆனால் அந்த வரி வந்தபோது தப்பவில்லை.

"உம் ஊழியன் கஸ்பார்..."

மூன்று முறையோடு நிறுத்த வேண்டும். அவர்கள் நிறுத்தவில்லை. நாலாவது முறை மடாதிபதியின் குரலும் அதில் இருந்தது. ஐந்தாவது முறை எல்லாத் துறவிகளின் குரலும் இருந்தது. கோவிலிலிருந்து குழி வரைக்கும் கஸ்பார், கஸ்பார் என்று பாடிக்கொண்டே போனார்கள். அன்று கஞ்சி ஆறிப்போயிற்று, ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

ஆகையால், கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: பிறர் பெயருக்கு இடம் விட்டவனின் பெயரை மனிதர்கள் தாமாகவே எடுத்துப் பாடுவார்கள்.